தனியாக இருப்போர் சங்கத்தின் முதல் கூட்டம்

அனுப்புநர்
'வாலு' (இந்தப் பெயர் தாங்கள் வைத்ததே),
செவிலியர் அம்மாவின் மகன்,
நான்காம் மாடி, கடைசி வீடு.

பெறுநர்
குடியிருப்பு நிர்வாக அலுவலர் அவர்கள்,
தரைத்தள அலுவலகம்.

பொருள்: 24ஆம் தேதி மாலைக் கூட்டம் நடைபெறாது எனத் தாங்கள் வைத்துள்ள அறிவிப்பை நீக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நம் குடியிருப்பின் வரலாற்றிலேயே முதன்முறையாக, பதினேழு குண்டூசிகள் ஒரே நாளில் வேலையிழந்துள்ளன என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறேன். திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகைக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்டு, அலுவலக முத்திரை இல்லாத காகிதங்களையெல்லாம் எடுத்துவிட்டதால் வந்த வினை இது. குண்டூசிகளுக்காக வாதாட நான் வரவில்லை. என் குறை வேறு.

1. எடுக்கப்பட்டவற்றில் பாதி என் படைப்புகள். "மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஒருவரது பொறுமை கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்" என்ற அறிவிப்பின் கீழே, "என்னுதுதான். லிஃப்ட் ஓடற வரைக்கும் நீயே வச்சுக்க" என்று யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். இக்கட்டடத்தில் அதிகம் வாசிக்கப்படும் எழுத்தாளன் நான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2. டிசம்பர் பிறந்ததும் பலகை நிரம்பி வழிந்தது. தையல்கார அக்கா 15ஆம் தேதிக்கு மேல் கிறிஸ்துமஸ் துணிக்கு அளவெடுக்க மாட்டாராம். பாட்டு வாத்தியார் தம் குழுவுக்குக் கனத்த குரல் தேடினார். நட்சத்திர விளக்கின் வயரைப் படியில் போட்டவருக்கு முதல் மாடிக்காரர் பகிரங்க எச்சரிக்கை விடுத்தார். "குடும்பத்துடன் வருக" என்பது மட்டும் நான்கு காகிதங்களில் இருந்தது. குடும்பம் வேலைக்குப் போயிருந்தால் எப்படி வருவது என்று ஒன்றிலும் இல்லை.

3. எங்கள் வீட்டிலும் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. அது ஃபிரிட்ஜின் கதவு. "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்", "கதவைத் தாழ் போட்டுக்கோ" என்று அன்றாடம் அறிவிப்புகள் வரும். வெளியிடுபவரை நேரில் காண்பதுதான் அரிது. இம்மாதம் 8ஆம் தேதி அறிவிப்பு: "24 எனக்கு டியூட்டி விழுந்திருச்சுடா. கோவிச்சுக்காதே. மறுநாள் காலையில வந்துடுவேன்." நான் கோபிக்கவில்லை. "அனுமதிக்கப்படுகிறது" என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டேன்.

4. அதன் பிறகே, பொதுநலன் கருதி, கீழ்க்காணும் அறிவிப்பைப் பலகையில் குத்தினேன்: "தனியாக இருப்போர் சங்கம். முதல் கூட்டம்: 24, மாலை ஐந்து மணி, படிக்கட்டடி. நாற்காலியோடு வரவும். விதி ஒன்றுதான்: இரண்டாவது ஆள் வந்து உட்கார்ந்ததும் சங்கம் தானாகக் கலைந்துவிடும்." வருபவர்கள் கிழித்துச் செல்ல, அடியில் நாளும் நேரமும் எழுதிய பதினொரு துண்டுகளையும் வெட்டி விட்டிருந்தேன்.

5. ஞாயிறு மாலைக்குள் பதினொரு துண்டுகளும் போய்விட்டன. பாட்டுக் குழுவுக்கே ஆறு பேர்தான் தேறினார்கள் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

6. மறுநாள் என் அறிவிப்பு இருந்த இடத்தில், முத்திரையுடன், "24ஆம் தேதிக் கூட்டம் போலியானது. நடைபெறாது. படிக்கட்டடியில் நாற்காலி போடக் கூடாது" என்ற தங்கள் அறிவிப்பு கண்ணாடிக்குள் இருந்தது. காவலாளி அண்ணனிடம் முறையிட்டேன். "சாவி சார்கிட்ட இருக்கு தம்பி. என்கிட்ட கத்தி என்ன பண்ண? எழுதிக் குடு" என்றார். ஆகவே எழுதிக் கொடுக்கிறேன்.

பதினொரு பேரின் ஆதரவு பெற்ற கூட்டத்தைத் தடுக்கலாமா என்று கேட்டு இம்மனுவை இங்கேயே முடிப்பதாக இருந்தேன். மனுவில் பொய் இருந்தால் தள்ளுபடியாகிவிடும் என்று காவலாளி அண்ணன் சொன்னதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பத்துத் துண்டுகளைக் கிழித்தது நான்தான். முதல் இரண்டை, அறிவிப்பைக் குத்திய உடனேயே கிழித்தேன்; யாரும் தொடாத காகிதத்தில் முதல் ஆளாகக் கை வைக்க எவருக்கும் கூச்சமாக இருக்கும் அல்லவா? பிறகு, போகும்போதும் வரும்போதும் ஒவ்வொன்றாகக் கிழித்தேன். பத்தும் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கின்றன. தேவையானால் ஒப்படைக்கிறேன்.

பதினொன்றாவது என்னிடம் இல்லை. ஞாயிறு மதியம் இருந்தது, மாலையில் இல்லை. காற்றில் விழுந்ததோ என்று பலகையின் அடியிலும் மிதியடிக்குக் கீழும் தேடிவிட்டேன். யாரோ எடுத்திருக்கிறார்கள், ஐயா. யாரென்று தெரியாது. தெரிந்தால் கதவைத் தட்டி, கூட்டம் உண்டு என்று சொல்லிவிடுவேன். தங்களைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது.

தங்கள் அறிவிப்பைப் படித்தால் அவர் வர மாட்டார். ஆகவே அதைக் கழற்றி, 24 அன்று படிக்கட்டடியில் இரண்டே இரண்டு நாற்காலிகளுக்கு மட்டும் அனுமதி தருமாறு வேண்டுகிறேன். ஒன்று நான் கொண்டு வருவேன். அவரும் வந்துவிட்டால் விதிப்படி சங்கம் கலைந்துவிடும். அதற்குமேல் என்னால் பலகைக்கு எந்தத் தொல்லையும் இருக்காது.

இப்படிக்கு,
பணிவுடன்,
வாலு
(தலைவர், செயலாளர், உறுப்பினர்)

நாள்: டிசம்பர் 19
இடம்: படிக்கட்டடி