ஒரே ஒரு ஸ்லைடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். அப்பா மாடிக்கு ஏறுவதில்லை, முழங்கால் வலி என்கிறார், மேலே தம்பியின் அறை இருப்பதுதான் காரணம். தம்பிக்கு வந்த காய்ச்சலைப் பற்றி உன் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நீ எழுதி அனுப்பிய நான்கு பக்கத்தையும் மூன்று முறை படித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் எல்லாம் ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்காது, மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வருகைப்பதிவு நேரத்தில் கழிப்பறைச் சுவரோரம் ஒண்டி நிற்கும் பிள்ளைகளைப் போல. நடைபாதையை மட்டும் எட்டிப் பார்க்கும் வாத்தியார், யாருமே இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். அப்புறம் அந்தச் சுவரின் செல், திருடனின் சட்டையைத் தன் மேலே போட்டுக்கொண்ட காவலாளி மாதிரி, கிருமியின் துணுக்குகளை விழுங்கி வெளியே காட்டிக்கொண்டு நிற்கும். நம் உடம்பின் படையே அதைத் திருடன் என்று அடிக்கும். காவலாளி விழுந்தால் வாசல் திறந்துகொள்ளும், நீர் கசிந்து மூளை வீங்கும். தம்பிக்கு இப்படித்தான் ஆகியிருக்கும் என்கிறாய். "நம்ம உடம்பும் ஒரு காரணம்மா, யார்மேலயும் கோபப்படாதே" என்று முடித்திருக்கிறாய். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் மார்க் கிடையாது.

உன்னோடு படித்த கொக்கை நினைவிருக்கிறதா, கழுத்தை நீட்டி அடுத்தவன் தாளைப் பார்ப்பான் என்று நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். இப்போது ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்பின் மேல் அதே கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன்தான் தம்பியின் விரலில் குத்தி, ரத்தம் தடவிய ஒரே ஒரு கண்ணாடி ஸ்லைடு பார்த்து, கிருமி இல்லை என்று எழுதியவன். மறுநாள் காய்ச்சல் கொதித்தபோது இன்னொரு தடவை பாருப்பா என்று கெஞ்சினேன். "கண்ணால பார்த்ததைத்தான் எழுதணும்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக்கொடுத்தீங்க, பார்த்தேன், இல்ல, எழுதிட்டேன்" என்று சிரித்தான். நான் திரும்பி வந்துவிட்டேன். நம் பாடத்தை மறக்கவில்லையே என்று பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் வலிப்பு, நான்காம் நாள் நீ விமானத்தில் இருக்கும்போதே எல்லாம் முடிந்தது. கரும்பலகையில் நான் எழுதிப்போட்ட அடுத்த வரி அவனுக்கு மறந்துவிட்டது, மூன்று அளவீடு எடுக்காமல் முடிவு எழுதாதே என்பது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அவன் மேல் விசாரணை. அவன் அம்மா நேற்று வந்து, "அவன் வேலை போயிடும் டீச்சர்" என்று அழுதாள், தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். நீ ஒரே பக்கம் எழுது, சமாதானம் எல்லாம் வேண்டாம். கிருமி சுவரில் ஒட்டிக்கொள்வதால் ஒரு ஸ்லைடில் தெரியாமல் போகலாம், சில மணி நேரம் விட்டு மறுபடி மறுபடி பார்த்தே ஆகவேண்டும் என்று எழுதி, உன் பட்டத்தோடு கையெழுத்துப் போடு. அவனை வேலையைவிட்டு அனுப்பலாமா என்று கேட்பார்கள், கூடாது என்பேன். இரக்கம் என்று நினைத்துவிடாதே. அனுப்பினால் எங்காவது கடை வைத்து மறந்துவிடுவான். அதே நாற்காலியில் ஓய்வு பெறும்வரை உட்காரட்டும், காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவருக்கும் மூன்று ஸ்லைடு பார்க்கட்டும். முதல் ஸ்லைடில் ஒளிந்த கிருமி மூன்றாவதில் தெரியும்போதெல்லாம் அவனுக்கு என் பிள்ளையின் முகம் தெரியவேண்டும்.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், உடம்பு சுட்டால் அலட்சியம் செய்யாதே. திங்கட்கிழமைக்குள் நீ எழுதும் அந்த ஒரு பக்கம் வந்து சேரவேண்டும், போனில் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா