தொட்டியடியில் மிஞ்சிய தீனி

அன்பு மகள் மோரெனிகேவுக்கு,

நான் சுகம், முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி. அங்கே பனி குறைந்ததா, காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா என்று எழுது.

ஞாயிற்றுக்கிழமை போனில் தொட்டியில் மீன்குஞ்சுகள் நன்றாக இருப்பதாகச் சொன்னேன். பொய். நீ வளர்த்துவிட்டுப் போன தாய்க் கெளுத்தியின் கடைசிக் குஞ்சுகள், பதினோரு நாள் வயது, அன்று காலையே பாதிக்கு மேல் வெள்ளை வயிற்றோடு மிதந்தன. மீதி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கெளுத்தி வளர்ந்த பிறகுதான் மேலே வந்து காற்றைக் குடிக்கும், இவை அந்த வயது இன்னும் வராதவை. தண்ணீரில் மூத்திர வாடை. பக்கத்துத் தெருவில் குஞ்சுப் பண்ணை வைத்திருக்கிற பாபா தயோவை அழைத்து வந்தேன். அவர் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியில் கிடந்ததை அள்ளி என் மூக்கருகே நீட்டினார். அழுகிய தீனி. மோரெனிகேயம்மா, கல்யாண வீட்டுல கூட இவ்வளவு அமலாக் களி கிண்ட மாட்டாங்களே, தினம் எத்தனை தடவை போடுறீங்க என்றார். நாலு என்றேன். அதுவும் பொய். நான் எண்ணியதில்லை.

என் நிழல் விழுந்ததும் எல்லாம் ஓடி வரும், மகளே. வேறு யாரும் வருவதில்லை. வந்தவர்களை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது. ஒரு சிட்டிகை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு சிட்டிகை. இந்தத் தெருவில் எல்லாருக்கும் நான் மோரெனிகேயம்மாதான். நாள் முழுக்க உன் பெயர்தான் கேட்கிறது, திரும்பிப் பார்ப்பது நான்.

கசடைக் குழாயால் உறிஞ்சி எடுத்தோம். மேல்தொட்டியில் ஒரு நாள் நின்ற ஆழ்துளைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி விட்டோம். ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தொட்டிப் பக்கமே போகாதீங்க என்று சொல்லித் தீனி டப்பாவையும் அவரே தூக்கிக்கொண்டு போய்விட்டார், என்னை நம்பவில்லை. இன்று இரண்டாம் நாள். காலையில் அவர் வந்து பார்த்தார், ஒன்றும் சாகவில்லையாம். துணி காயப்போட முன்வாசல் வழியாகச் சுற்றிப் போகிறேன், என் நிழல் தண்ணீரில் விழக்கூடாது என்று. பகல் நீளமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ போகிற இடமெல்லாம் உன் தலை, அதில் எழுதிய நல்விதி, உனக்குத் துணை நிற்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால், இன்னொரு தடவை கேள்.

உன் அம்மா
அபேகே
(இது என் பெயர். எழுதிப் பார்த்தேன்.)