எங்கள் கரைக்கும் ஒரு பங்கு

பிப்ரவரி 9
பனி. வாரக் கப்பல் வரவில்லை. என் விடுதியில் நாலு அறையும் காலி. மாடியில் கணப்புகூட மூட்டவில்லை.
நயாகராவிலிருந்து சிரில் கூப்பிட்டான். அவன் வேலை பார்க்கும் ஹோட்டலில் இந்தக் குளிரிலும் கூட்டமாம். இங்கே கோடையில் வாசலுக்கு நேரே திமிங்கிலம் மூச்சுவிடும், பார்க்க ஆளிருக்காது.
"சாப்பிட்டியா?" என்றான். நாலு வருஷமாக என் புருஷன் போனில் கேட்பது இதைத்தான்.

மார்ச் 3
மாகாண அரசு புதிதாக ஒரு நிதி அறிவித்திருக்கிறது. ஊர் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தலைநகர் செயின்ட் ஜான்ஸிலேயே சுற்றிவிட்டுப் போகக் கூடாதாம். சாலையே இல்லாத எங்களைப் போன்ற கரைகளுக்கும் பங்கு உண்டாம். இடிந்துபோன படகுத்துறையைக் கட்டலாம். மலைமுனைக்குப் பாதை போடலாம்.
பக்கத்து வீட்டு ஃபான்ஸ் சிரித்தார். "ஊரக் காலி பண்ணிட்டுப் போங்கன்னுதான் காசு குடுப்பாங்க, வின்னி. இருக்கறதுக்கா குடுப்பாங்க?"
ஆனால் மனசு— துறை வந்தால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் சிரிலுக்கு இங்கேயே வேலை. அப்புறம்?

ஏப்ரல் 17
நிதி அதிகாரி வந்தாள். பள்ளிக்கூடத்தில் கூட்டம். "எதுக்காக உங்களுக்குக் குடுக்கணும்?" என்று நேராகவே கேட்டாள். திமிங்கிலம் என்றார்கள், மிதக்கும் பனிமலை என்றார்கள். நான் எழுந்துவிட்டேன்.
"எங்க ஆம்பளைங்க பாதிப் பேரு வேற ஊரு ஹோட்டல்ல யார் யாருக்கோ வெந்நீர் ஏற்பாடு பண்ணிட்டிருக்காங்க. அந்த வேலைய இங்கயே செய்யலாம். வர்றவங்க எறங்கத்தான் ஒரு உருப்படியான துறை இல்ல."
குரல் உடைந்துவிட்டது. சே. ஃபான்ஸ் கைக்குட்டையை நீட்டினார். ஒரே மீன் வாடை.

மே 30
கிடைத்துவிட்டது!
உடனே சிரிலைக் கூப்பிட்டேன். அவன், "நல்லது வின்னி. ஆனா இங்க என்னை இப்பதான் சூப்பர்வைசராக்கிருக்காங்க. இன்னும் ரெண்டு வருஷம் பாப்பமே."
பாப்பமாம். எதப் பாக்கறது? நான் என்ன அந்த அருவியா, எப்ப வந்தாலும் அங்கயே கெடக்க?

மே 31
அழுதது போதும்.

அக்டோபர் 8
துறைக்குக் கட்டைகள் இறக்கியாயிற்று. பாதை வேலையில் நானும் சேர்ந்திருக்கிறேன். கை காய்த்துவிட்டது, சிரிலிடம் சொல்லவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து எல்லாரும் போனபிறகு முனையில் நின்றேன். இவ்வளவு கடலையும் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது?

ஜூலை 12, மறு வருஷம்
பயணிகளோடு சிரிலும் இறங்கினான். ரெண்டு வார லீவு. தலை நன்றாக நரைத்திருக்கிறது. புதுத் துறையைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்தான்.
"பைய எந்த ரூம்ல வைக்கட்டும்?"
"நாலும் நெரம்பியிருக்கு."
"அப்ப நான்?"
"கேக்கறதப் பாரு."

ஜூலை 26
இன்று அவன் கிளம்பவேண்டிய நாள். கப்பல் காலையிலேயே வந்துவிட்டது. நான் வழியனுப்பப் போகவில்லை. விருந்தாளிகளுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. ஜன்னல் பக்கம் திரும்பக் கூடாது என்றுதான் இருந்தேன். திரும்பினேன்.
துறையில் நின்று கப்பலின் கயிற்றை அவிழ்த்துவிட்டவன் சிரில். கப்பல் நகர்ந்தது. அவன் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.
மீன் கருகிவிட்டது. விருந்தாளிகள் அதையே சாப்பிட்டார்கள்.