புள்ளலூர் ஞாயிற்றுக்கிழமைகள்

உத்திரமேரூர்
பிப்ரவரி 9

அன்பு மகன் ஜான்சனுக்கு அப்பா ஆல்பர்ட் எழுதிக்கொள்வது.

நீயும் மருமகள் தேவயானியும் பேத்தி சுகிர்தாவும் ஆண்டவர் கிருபையால் புனேவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போன் செய்தால் என் நம்பரைப் பார்த்ததும் கட் பண்ணிவிடுகிறாய். குறையாகச் சொல்லவில்லை. உன்னோடு படித்த சுகுமாரை பஸ் ஸ்டாண்டில் பிடித்து விலாசம் கேட்டேன். கொடுக்க யோசித்தான். வயசைப் பார்க்காமல் கெஞ்சித்தான் வாங்கினேன்.

உன் அம்மாவுக்குக் கேன்சர். வயிற்றில் ஆரம்பித்து ஈரலுக்கும் பரவிவிட்டது. இனி வீட்டில் வைத்தே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீடியோ காலில் உங்களோடு பேசுவதற்கு முன்னால் அவள் பவுடர் பூசிக்கொண்டு, கழுத்து தெரியாமல் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காருவது இதனால்தான். பேசி முடித்ததும் அப்படியே சாய்ந்துவிடுகிறாள். ஏப்ரலில் பேத்திக்கு லீவு விட்டதும் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன். ஏப்ரல் வரைக்கும் தாங்குவார் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். சத்தியத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்தாள். பிறகு என் முகத்தையே பார்த்து, "அன்னிக்கி எங்க நைனா பொணத்தாண்ட புள்ள கைய இன்னாத்துக்கு அப்பிடி இய்த்த?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறாள். அன்றைக்கே கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன்.

உனக்கு மறந்திருக்காது. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் தாத்தா வேதகிரியைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து உடலைச் சுற்றி வருவது அவர்கள் முறை. அந்த மனுஷனுக்குப் பேரன் என்று நீ ஒருவன்தான். உன் மாமன் வரதன் பந்தத்தைக் கொளுத்தி உன் கையில் கொடுத்தான். இரட்சிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை இதையெல்லாம் தொடக் கூடாது என்று கத்தி, அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உன்னைத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு வந்தேன். தாத்தா, தாத்தா என்று நீ திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதாய். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் யாரோ பந்தம் பிடித்தான். சபைக்காகப் பெரிய வைராக்கியம் காட்டிவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் பஸ் ஏறினேன். மடையன்.

கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு உன் அம்மா சொன்னது எதுவும் எனக்கு இதுநாள் வரை தெரியாது. காலாண்டு, அரையாண்டு, முழுப்பரீட்சை என்று எந்த லீவு விட்டாலும் மறுநாளே உனக்குப் புள்ளலூர் தாத்தா வீட்டுக்குப் போயாக வேண்டும். நான்தான் கூட்டிக்கொண்டு போய் விடுவேன். பொன்னியம்மன் படம் மாட்டிய வீடு என்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலோடு திரும்பிவிடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் தாத்தா உன் சட்டையைத் துவைத்து, சொம்பில் நெருப்புக் கங்கு போட்டுத் தேய்த்து வைப்பாராம். ஞாயிறு காலையில் யாரிடமாவது சைக்கிளை இரவல் வாங்கி, உன்னை முன்னால் பாரில் உட்காரவைத்து, மூன்று மைல் மிதித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவாராம். அது மாதா கோயில். சிலை வைத்துக் கும்பிடுகிற இடம் என்று நம் சபை ஆட்கள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டோம் என்பது அவருக்கு எங்கே தெரியும்? சிலுவையைப் பார்த்தார், போதும் என்றிருக்கிறார். பூசை முடிகிறவரை வெளியே புங்க மரத்தடியில் நின்றுகொண்டே இருப்பாராம். பண்டிகை நாளில்கூட உன் நெற்றியில் யாரையும் திருநீறு பூச விட்டதில்லையாம். "மாப்புள நம்மள நம்பி புள்ளைய வுட்டுக்கீறாரு, அவுரு சாமிக்கு நாம கொற வெக்கக் கூடாது" என்பாராம்.

மாதா கோயில் என்று தெரிந்தால் உன்னைப் புள்ளலூருக்கே அனுப்ப மாட்டேன் என்று பயந்து நீயும் அம்மாவும் மறைத்திருக்கிறீர்கள். பயந்தது சரிதான். அனுப்பியிருக்க மாட்டேன்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய விடாமல் தடுத்தேன். தேவயானி வீட்டு முறைப்படி சாமி கோயிலில் தாலி கட்டுகிறாய் என்று உன் கல்யாணத்துக்கும் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். சுகிர்தாவுக்கு ஆறு வயசாகியும் நீ அவளை இந்த வாசலுக்குக் கூட்டிவராததற்கு நான்தான் காரணம். ஆனால் என் குற்றத்துக்குத் தண்டனை உன் அம்மாவுக்கு விழுகிறதடா. "எம்மவனுக்கு லீவு வுட்டா போறதுக்கு ஒரு தாத்தா வூடு இருந்திச்சி. அந்தப் புள்ளைக்கு ஆயா வூடுன்னா போன்ல தெரியிற செவுரு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நடு அறைக்கு வெள்ளையடித்து ஃபேன் மாட்டிவிட்டேன். குழந்தைக்கு வசதியாக இருக்கட்டும் என்று வெஸ்டர்ன் டாய்லெட்டும் நானே வைத்துக் கட்டினேன். கொத்தனார் வேலை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. பேத்தி பொட்டு வைத்துக்கொண்டு வரட்டும். தேவயானி தன் சாமி படத்தை எந்த மூலையில் வேண்டுமானாலும் வைத்துக் கும்பிடட்டும். என் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

என் முகத்தில் விழிக்கவே உனக்குப் பிடிக்காது என்றால் அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். ராஜகுளத்தில் உன் பவளம் அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் எத்தனை நாள் இருந்தாலும் அத்தனை நாளும் நான் அங்கே இருந்துகொள்கிறேன். எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வருகிற தேதியைச் சுகுமாரிடம் சொன்னால் போதும், அன்று விடிந்ததும் கிளம்பிவிடுவேன். ஏப்ரல் வரை மட்டும் காத்திருக்காதே.

உங்கள் மூன்று பேரையும் ஆண்டவர் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆல்பர்ட்

பின்குறிப்பு: நான் ராஜகுளத்தில் இருக்கும்போது அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அடக்கத்துக்கு மட்டும் சொல்லி அனுப்பு. முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.