ஜாடிக்குள் ஒரு புஸ்வாணம்

சிவகாசி
18.2.2006

அன்புள்ள அத்தானுக்கு,

இல்லை, நான் சுரண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் கேட்டபோது மாமா பக்கத்தில் இருந்தார். அதனால் எல்லாம் நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னேன். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் போனில் சொல்லி முடிகிற மாதிரி இல்லை.

சுரண்டியது இருளம்மாக்கா.

நீங்கள் ஜெர்மனிக்குக் கிளம்பிய மறுவாரம் உங்கள் கடல்மீன் தொட்டியில் ஒன்று முளைத்தது. உங்கள் பச்சைப் பவளத்துக்கு அருகில், பாறை இடுக்கில். பழுப்புத் தண்டு, அதன் தலையில் மெல்லிய விரல்கள். நல்லதா கெட்டதா தெரியவில்லை. உங்கள் மீன் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். உடம்பு கண்ணாடி போல இருக்கும், தொட்டால் சட்டென்று துளைக்குள் போய்விடும் என்று போட்டிருந்தது. பிளாஸ்டிக் குச்சியால் தொட்டேன். காணவில்லை.

கடல் சாமந்தியில் ஒரு வகை. செடி இல்லை, உயிர்ப்பிராணி. ஆனால் களை. பக்கத்தில் இருப்பதைக் கொட்டிக் கொட்டிச் சாகடிக்கும். சுரண்டக் கூடாது. சுரண்டினால் விழுகிற ஒவ்வொரு துணுக்கும் தனியாக ஒன்றாகிவிடும்.

இந்தப் பக்கத்தை நான் படித்துக்கொண்டிருந்தபோதே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா அதே தேங்காய் நாரோடு தொட்டிக்குள் கையை விட்டுவிட்டார். கத்திக்கொண்டு ஓடினேன். அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை. "காஞ்சதச் சுரண்டுனாத்தான தாயி ஆபத்து? ஈரத்துல சுரண்டுனா ஒண்ணும் செய்யாது" என்றார். எம். புதுப்பட்டியில் பட்டாசு மருந்து ஷெட்டைக் கழுவிய கை. அங்கே அதுதான் பாடம். என்னவென்று திட்டுவது?

கொஞ்ச நாளில் பாறை முழுக்க முளைத்தது.

அத்தை கண்ணை மூடியபின் இந்த வீட்டில் பேச்சு எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடுவீர்கள். ஃபேக்டரியை லீசுக்கு விட்டாச்சுன்னு அவன்ட்டச் சொல்லு என்பார் அவர். நான் பிரிண்டிங் படிக்கப் போறேன்னு அப்பாகிட்டச் சொல்லு என்பீர்கள் நீங்கள். நடுவில் நான், சட்னிக் கிண்ணத்தோடு. நீங்கள் போனதும் அதுவும் நின்றது. மாமாவுக்கு என்னிடம் பேச எதுவும் மிச்சமில்லை. நாள் முழுக்கச் சாய்வு நாற்காலி. ஃபேன் சத்தம்.

ஒரு காலையில், "ஏத்தா, இங்கன வா" என்று குரல். தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "தண்ணியில்லாத ஊர்ல இவனுக்கு எதுக்குக் கடலுன்னு நெனச்சேன். உள்ள புஸ்வாணம்ல விட்டிருக்கான்!" என்றார்.

குனிந்து பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. கீழே தண்டு. உச்சியிலிருந்து சிதறி நிற்கும் பொறிகள். அணையாத புஸ்வாணம்.

அன்றிலிருந்து தினமும் ஒரு சிட்டிகை இறால் கருவாட்டுத் தூள் போட்டார். மேசையில் நீங்கள் விட்டுப்போன, அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸை எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பேசினார். மருந்தை எம்புட்டு இடித்தால் பூ எம்புட்டு உயரம் எழும்பும் என்று. அத்தை தலைதீபாவளிக்குப் புஸ்வாணத்தைப் பார்த்து மாடிக்கு ஓடியதை. "வெடி ஆபீஸ்காரன் பொண்டாட்டி வெடிக்குப் பயந்தா ஊரு என்னத்தா சொல்லும்?" அத்தையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

அதற்குள் உங்கள் பச்சைப் பவளத்தின் ஓரம் சுருங்கிவிட்டது. களையைக் கொல்ல வேண்டும். கொன்றால் மாமா மறுபடி நாற்காலிக்குப் போய்விடுவார். தினமும் தள்ளிப்போட்டேன். இடையில் அம்மாவைப் பார்க்க விருதுநகர் போய்வந்தேன். அப்பா கடையில் புது மிளகாய் வத்தல் வரத்து. வீடு திரும்பிய பிறகும் தும்மல் நிற்கவில்லை. தும்மிக்கொண்டே தொட்டியைப் பார்த்தேன். பவளம் பாதியாகியிருந்தது.

வியாழக்கிழமை சொல்லிவிட்டேன். லென்ஸை வாங்கிப் பவளத்தின் பக்கம் வைத்து, இது பூ இல்லை மாமா, பக்கத்தில் இருப்பதைக் கொல்கிறது, இந்தப் பவளம் உங்கள் மகன் ஆசையாக வாங்கிவந்தது என்றேன். வெகுநேரம் பார்த்தார். எழுந்து போய்விட்டார். சாப்பிட வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்புச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் நீங்கள் எழுதிவைத்த தாளைப் பார்த்து, களையைக் கொல்லச் சென்னையில் வாங்கிய அந்த வெளிநாட்டு மருந்து டப்பாவை எடுத்தேன். உள்ளே கல்லாக இறுகிக் கிடந்தது. மேலே இருந்த பெயரைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேதியியல் படித்தது வீண் போகவில்லை. அது சுண்ணாம்பு, அத்தான். வெறும் சுண்ணாம்பு.

மாமாவிடம் சொல்லவில்லை, வாய்விட்டுத்தான் சொன்னேன். பின்னால் நின்றிருக்கிறார். வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, "எம்புட்டுக் கெட்டியா வேணும்?" என்று கேட்டார்.

அவரே குழைத்துச் சிரிஞ்சில் ஏற்றினார். மோட்டாரை நிறுத்தினேன். தண்ணீர் அசையாமல் நின்றது. மாமா சிரிஞ்சை இறக்கினார். இறால் தூள் என்று நினைத்து ஒரு களை வாயைத் திறந்தது. "நம்பித் தொறக்குது பாரு" என்றார். கொஞ்சம் பொறுத்தார். பிறகு அழுத்தினார். விரல்கள் மடங்கி, வெள்ளையாக மூடிக்கொண்டது.

கதவோரம் நின்ற இருளம்மாக்கா, "நான் சுரண்டுன பாவத்துக்கு முதலாளி சுண்ணாம்பு தடவுறீக" என்றார். மாமா சிரித்தார். சத்தமாக. வீட்டில் அந்தச் சத்தம் மறந்தே போயிருந்தது.

ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வைத்தால் தண்ணீர் கெடும் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் அன்றைக்குக் கொஞ்சம், இன்றைக்குக் கொஞ்சம். இன்னும் இடுக்குகளில் இருக்கிறது. திரும்ப வரவும் வரும். பார்த்துக்கொள்வோம்.

ஒரு சின்னச் சங்கின் மேல் ஒன்று இருந்தது. அதன் அருகே சிரிஞ்சைக் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். "இது இருக்கட்டும்த்தா. தனி ஷெட்டு போட்டுருவோம்" என்றார். ஊறுகாய் ஜாடியைத் தானே கழுவி, தொட்டித் தண்ணீர் ஊற்றி, சங்கோடு அதை உள்ளே வைத்தார். வெடி ஆபீஸ் சட்டப்படி ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடைவெளி வேண்டுமாம். ஜாடி ஜன்னலோரம். தொட்டி இந்தச் சுவரோரம். இடைவெளியில் அவர் நாற்காலி.

நான் எழுதுவதைப் பார்த்து, "பச்சை பொழைச்சுக்கிடும்னு அவன்ட்டச் சொல்லு" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. கோபிக்கவில்லை. ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது நான் எடுக்க மாட்டேன். குளித்துக்கொண்டிருப்பேன். இந்தக் கடிதம் என்றைக்கு வந்து சேரும் என்று தெரியாது, அதனால் இனி எல்லா ஞாயிறும் அந்த நேரத்தில் எனக்குக் குளியல்தான். மணி அடிக்கட்டும். அவர் எடுப்பார். பச்சை எப்படி இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். ஜாடி விஷயம் உங்களுக்குத் தெரியாது. அவர் சொல்லும்போது முதல்முறை கேட்பதுபோலக் கேளுங்கள்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். பத்திரகாளியம்மன் உங்களையும் மாமாவையும் காக்கட்டும்.

அன்புடன்
கீர்த்திகா

பி.கு. உறையை ஒட்டிவிட்டேன் என்று நினைத்தேன், ஒட்டவில்லை. மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். டெலிபோனை நகர்த்தி மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.