உன்னைக் கொன்றது பரோட்டா அல்ல

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். உன்னைப் பற்றித் தெருவே கதை சொல்லிக்கொண்டு திரிகிறது. ஒருத்தியாவது உண்மையை எழுதிவைக்க வேண்டும்.

இன்று சாயங்காலம் உன் வீட்டிலிருந்து திரும்பும்போது சால்னா வாசம் அடித்தது. நம் அண்ணாச்சி கடைச் சால்னா. சோம்பும் தேங்காயும் எலும்பும் சேர்ந்து கொதிக்கிற வாசம். முன்பெல்லாம் அதோடு கரண்டிச் சத்தமும், "இங்கன ரெண்டு போடுங்க" என்கிற கூச்சலும் சேர்ந்தே வரும். இன்று வாசம் மட்டும்தான் வந்தது. பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

எனக்குக் காலையிலிருந்தே கோபம். லீவு முடிந்து இன்றுதான் பள்ளி திறந்தது. இறைவணக்கத்தின்போது உனக்காக மௌனமாக நிற்கச் சொன்னார்கள். நின்றோம். முடிந்ததும் டீச்சர் மைக்கைப் பிடித்து, "தெருக்கடையில் கண்டதையும் தின்றால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் தோழியே ஒரு பாடம்" என்றார். உயிரோடு இருந்தவரை உன்னை ஒரு பேச்சுப் போட்டிக்குக்கூட மேடையேற்றாதவர்கள், செத்ததும் பாடமாக்கிவிட்டார்கள்.

வகுப்பில் எழுந்து, "டீச்சர், அவளுக்கு வந்தது டெங்கு" என்றேன்.

"அவ அம்மாவே பரோட்டான்னுதான் சொல்லுதாங்க. உனக்கு ரொம்பத் தெரியுமோ? உட்காரு."

எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது நானும் என் அம்மாவும் பக்கத்தில்தான் நின்றோம்.

கண்டதையும் தின்றவளா நீ? செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சாளை மீன்கூட வாங்கமாட்டாய். பொழுது சாயும்போது மீன் விற்கிற தருவைகுளத்து அக்கா கூடையைக் காலி செய்துவிட்டு பஸ் பிடிக்க அவசரப்படுவார். அந்த நேரம் பார்த்துத்தான் நீ போய் நிற்பாய். "காலைல வஞ்சிரம் வாங்குதவங்க வாங்கட்டும். நமக்கு இந்த நேரத்துச் சாளை போதும். ருசிக்கு அது என்ன, இது என்ன" என்பாய். பேக்கரியில் உடைந்த மக்ரூனைத் தனியாகக் கட்டி வைத்திருப்பார்கள். எனக்கு அதைக் கேட்டு வாங்க வெட்கம். உனக்கு வெட்கமே கிடையாது. "ஏளா, வாய்க்குள்ள போனா எல்லாம் உடையத்தான போகுது" என்று சொல்லிப் பொட்டலத்தை என் கையில் திணிப்பாய். அந்த முந்திரி வாசம் என் புத்தகப் பையில் நாள் முழுக்க இருக்கும். நம் இரண்டு பேர் கைச்செலவுக் காசையும் சேர்த்தால் ஒரு ஐஸ்கிரீம்கூட முழுதாக வராது. அதை வைத்துக்கொண்டு இந்த ஊரின் நல்ல ருசி ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டியவள் நீ.

அண்ணாச்சி கடையில் பொரிச்ச பரோட்டா ஒன்று சொல்லிவிட்டு, சால்னாவை மட்டும் இரண்டு பேருக்குக் கேட்பாய்.

"பரோட்டாவுக்குச் சால்னாவா, சால்னாவுக்குப் பரோட்டாவா?" என்பார் அவர்.

"சால்னாவுக்குத்தான் அண்ணாச்சி. உங்க பரோட்டா சும்மா துணைக்கு."

"இவளக் கட்டுதவன் கடைய வித்துருவான்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவார்.

கடைசியாகப் போன அன்றும் ஒரே இலையில்தான் தின்றோம். நீ இரண்டு விள்ளல் தின்றுவிட்டு, "வாய் கசக்குளா" என்று என் பக்கம் தள்ளினாய். உன் கை சுட்டது. மீதியெல்லாம் தின்றவள் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை நான் யாரிடம் சொன்னாலும், "உனக்கு வயிறு கெட்டி" என்கிறார்கள்.

நம் ஊரில் யார் வாந்தி எடுத்தாலும் முதல் கேள்வி, "எங்கன பரோட்டா தின்ன?" என்பதுதான். காய்ச்சலோடு வயிறு வலிக்கிறது என்று நீ சுருண்டு கிடந்தபோதும் அதைத்தான் கேட்டார்கள். நீயும் பொய் சொல்லத் தெரியாமல் ஆமாம் என்றாய். அவ்வளவுதான். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, பட்டினி. "செரிச்சா எல்லாம் சரியாப் போகும்" என்று பக்கத்து வீட்டுக்காரர்களும் சொன்னார்கள். ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பல் ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள்.

பள்ளி விட்டதும் நேராக உன் அம்மாவிடம்தான் போனேன். முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"டாக்டர் டெங்குன்னு சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சுல்லா? பொறவு ஏன் பரோட்டான்னு சொல்லுதீங்க?"

அரிவாள்மணையிலிருந்து அவர்கள் தலை நிமிரவில்லை. "பின்ன என்னன்னு சொல்லச் சொல்லுத? காய்ச்சல்ல கெடந்த பிள்ளைக்கு ஓமத்தண்ணி குடுத்து வீட்டோட வச்சிருந்தேன்னு சொல்லவா?"

ஆனாலும் கேட்டேன். "அதுக்கு அண்ணாச்சி என்ன செஞ்சாரு?"

"நீ வீட்டுக்குப் போளா."

உன் அம்மாவைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை. தன் பாரத்தை இறக்கி வைக்க அவர்களுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

அந்தக் கோபத்தோடுதான் கடைக்குள் போய், பள்ளிச் சீருடையிலேயே, தெருவுக்குத் தெரியும்படி முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். "ஒன்னு போடுங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் கைவேலையை நிறுத்திவிட்டார். "வேண்டாம் மக்கா. உன்னையும் ஏதாவது சொல்லுவாக. கெளம்பு."

"பசிக்கு."

போட்டார். சால்னா ஊற்றும்போது கரண்டி இலையில் இடித்தது. நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அன்னைக்குப் போட்டது பழைய எண்ணெயா இருக்குமோ? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். நெனப்பு வர மாட்டேங்கு."

இவரிடம் யாருமே சொல்லவில்லை. இவ்வளவு நாளும் தானே உன்னைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு இந்த மனிதர் தினமும் மாவு பிசைந்திருக்கிறார்.

இந்த மாதிரி நேரத்தில் நீதான் பேசுவாய், நான் உன் பின்னால் நிற்பேன். இன்று பின்னால் நிற்க இடமில்லை. உன்னுடைய அந்த வெட்கமில்லாத வாய் இனி என்னிடம்தான் இருக்கிறது. எதிர்க் கடைக்காரருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"கொசு கடிச்சு வந்த காய்ச்சல் அண்ணாச்சி. டெங்கு. டாக்டர் சொன்னத என் காதால கேட்டேன். அதே இலையில நானும்தான் தின்னேன். உங்க கைச் சாப்பாடு அவள ஒன்னும் செய்யல."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். கல்லில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பிசைந்த மாவு உருண்டை உருண்டையாக அப்படியே இருந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "அண்ணாச்சி, பரோட்டா இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார். "இன்னைக்கு இல்ல. பிள்ளைக்காக ஒரு நாளாவது கடைய அடைக்கணும்லா" என்றார். கடை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.