புது முட்டிக்குக் காத்திருக்க வேண்டாம்

கோதன்பர்க், ஸ்வீடன்
18.1.1997

அம்மாவுக்கு யோகேஸ்வரியின் வணக்கம். உங்கள் முட்டி வீக்கம் குறைந்ததா? இங்கே நாலரைக்கே இருட்டிவிடுகிறது, அலுப்புதான், வேறொன்றுமில்லை.

போன வாரம் ஒரு கூத்து. முட்டியிலிருந்து துளி குருத்தெலும்பு எடுத்து, அதன் செல்களைத் தட்டில் வளர்த்து, திரும்ப அதே முட்டியில் வைப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. நீங்கள் அனுப்பிய திருநீற்றைப் பூசிக்கொண்டு தட்டின்மேல் குனிந்தேன், உதிர்ந்துவிட்டது. மூன்று வாரம் வளர்த்த ஆட்டுச் செல்கள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயின. எங்கள் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் திட்டவில்லை. "நெற்றியில் அது என்ன?" என்றார். "எங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

தம்பி எழுதியிருந்தான். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தும், "எம்மவ புது முட்டி கொண்டாருவா லா, எதுக்கு வெட்டணும்?" என்று திரும்பிவிட்டீர்களாமே. அம்மா, இது பந்து விளையாடி அடிபட்ட இளவட்டங்களின் முட்டிக்குத்தான். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டித் தேய்ந்த முட்டிக்கு ஆகாது. நீங்கள் ஆசையாகக் கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை. என் தப்பு. மறுபடி தேதி வாங்குங்கள்.

திருநீறு தீர்ந்துவிட்டது. தம்பியிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். ஆபரேஷன் முடிந்து, நீங்களே நம்மூர் நியாலாஸ் தபாலாபீசுக்கு நடந்துபோய் அனுப்புங்கள். அதுவரை வெறும் நெற்றியோடு இருக்கிறேன்.

யோகேஸ்வரி